மரக்குதிரைக்கு மூச்சு இல்லை

காலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. குதிரையேற்றப் பள்ளியின் வாத்தியார் அப்போது லாயத்து முன்வாசலில், பூசணி என்ற குதிரையின் விலாவில் தோளைக் கொடுத்து நின்று, அதன் வயிற்று வாரை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் அவருடைய அத்தான் ஒருவர்தான். 'டீக்குப் பால் நீ வாங்குறியா, நான் வாங்கவா' என்பதைத் தாண்டி அந்தப் பேச்சில் ஒன்றும் இருக்காது. யார் என்று பார்க்காமலே காதில் வைத்தார்.

"தம்பி," என்றாள் அக்கா. "உங்க அத்தான் எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு."

"தூங்கட்டும் விடுக்கா. நேத்து இங்கேருந்து கிளம்பவே இருட்டிடுச்சு."

"இல்லடா. எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு."

இரண்டாம் முறை அவள் சொன்ன விதத்தில் எல்லாம் இருந்தது. போனைப் பைக்குள் போட்டார். அரைகுறையாகக் கட்டிய சேணத்தோடு குதிரையை விட்டுவிட்டு ஓடக் கால் வரவில்லை. பக்கிளைக் கழற்றி, சேணத்தை இறக்கித் தாங்கியில் வைத்து, பூசணியைக் கொட்டிலில் கட்டினார். முடிச்சு ஒரே முயற்சியில் விழுந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. தலைதான் வேறு எங்கோ நின்றுகொண்டிருந்தது.

பிறகு பல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். கை முறிந்து குணமான பிறகு அந்த அம்மாள் முதன்முதலாகக் குதிரை ஏற இருந்த காலை அது.

"இன்னிக்கு வேண்டாம் டாக்டரம்மா."

"ஏன், பூசணிக்கு உடம்பு சரியில்லையா?"

"பூசணி நல்லாத்தான் இருக்கு," என்றார். போனை வைத்துவிட்டார்.

அத்தான் குதிரைக்காரர் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பஸ்களுக்கு சீட்டு தைக்கும் பட்டறையில் இருந்தவர். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில், பள்ளியில் ஒரு சேணத்தின் தையல் விட்டுப்போய் முதலாளியம்மா புலம்பிக்கொண்டிருக்க, 'எங்க அத்தானுக்கு ஊசி பிடிக்கத் தெரியும்' என்று வாத்தியார்தான் வாயைக் கொடுத்தார். ஒரு சேணத்துக்காக வந்தவர் அங்கேயே தங்கிப்போனார். பட்டறை முதலாளி வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அத்தான் போகவில்லை.

"சீட்டுக்கு அடியில இரும்பு. உக்காருறவன் அதுமேல உக்காருறான், அவ்வளவுதான்," என்பார். "இங்க கீழே ஒரு உயிர், மேலே ஒரு உயிர். நடுவுல என் தையல். பயமா இருக்கு மாப்ள. ஆனா வேலைன்னா இதுதான்."

பயம் என்று அவர் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. குதிரை என்றால் அவருக்கு உண்மையாகவே குலை நடுங்கும். லாயத்தைக் கடக்க வேண்டியிருந்தால் எதிர்ச்சுவரை முதுகால் தேய்த்துக்கொண்டே போவார். குதிரைகளுக்கும் அது தெரியும். அவரைக் கண்டால் மட்டும் கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டும். தைத்த வாரைக் கொட்டில் கதவின் மேல் வீசிவிட்டு, வீசிய வேகத்திலேயே திரும்பி நடப்பார். லாயத்து ஆட்கள் சிரிப்பார்கள்.

"என்னங்க சேணக்காரரே, குதிரைக்குச் சட்டை தைக்கிறீங்க, அளவெடுக்கப் பக்கத்துல வர மாட்டீங்களா?"

"பல் டாக்டருக்குப் பல்வலி வந்தே ஆகணும்னு சட்டமாய்யா? போய் வேலையப் பாரு."

அளவுக்கு அவரிடம் ஒரு மரக்குதிரை இருந்தது. சேண அறையின் நடுவில் நான்கு கால் வைத்து, பழைய பீப்பாய் ஒன்றைப் படுக்கப்போட்டு, பலகை அறைந்து, மேலே கம்பளி சுற்றி அவரே செய்தது. யாரோ அதற்குச் சுண்ணாம்புக் கட்டியால் கண் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு சேணத்தையும் அதன்மேல் ஏற்றி, வாரை இழுத்துக் கட்டி, தானே தொங்கிப் பார்ப்பார். நகராது. 'ம்' என்று ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வரும். அது வந்தால் சேணம் வெளியே போகலாம் என்று அர்த்தம். அந்த அறையின் வாசனை அவர் சட்டையிலும் ஏறியிருந்தது, மெழுகு நூலும் எண்ணெய் போட்ட தோலும் கலந்து. எத்தனை துவைத்தும் போகவில்லை என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வாள். இப்போது அந்தச் சட்டைகளை அவள் துவைக்காமல் வைத்திருக்கிறாள்.

டாக்டரம்மா விழுந்த கதை இது. ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்த அம்மாளுக்குக் குதிரை ஏறும் ஆசை வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வாத்தியார் பூசணியைத்தான் கொடுப்பார். சாது, சோம்பேறி. இடியே விழுந்தாலும் புல்லைத்தான் பார்க்கும். ஒரே குறை அதன் உடம்பு. மற்றக் குதிரைகளுக்குத் தோளுக்கு மேலே ஒரு மேடு இருக்கும், சேணம் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும். பூசணிக்கு அந்த மேடே கிடையாது. அதன் முதுகில் சேணம் வைப்பது உருண்டைப் பாறையில் தட்டைக் கவிழ்த்த மாதிரி. அன்று முதல் சுற்றிலேயே சேணம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "வாத்தியாரே, சாயுது, சாயுது," என்று அந்த அம்மாள் யாருக்கோ இடைஞ்சல் செய்துவிட்டவர் மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டே சரிந்து இறங்கி, வலது மணிக்கட்டை ஊன்றி விழுந்தார். பல் பிடுங்கும் கை.

அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தச் சேணத்தை மரக்குதிரையில் ஏற்றி, தையல் தையலாகத் தடவிப் பார்த்தார். எதுவும் பிரியவில்லை, எதுவும் அறுபடவில்லை. மறுநாள் வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள்தான் இவருக்குத் தேறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

"விழுந்தவ நான். நீங்க ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

"சேணம் நான் தைச்சது, டாக்டரம்மா."

"நான் கட்டின பல்லை வச்சு ஒருத்தர் கல்லைக் கடிச்சா நான் பொறுப்பா? உக்காருங்க முதல்ல."

அவர் உட்காரவில்லை. "நீங்க மறுபடி ஏறுவீங்கல்ல? ஏறும்போது சேணம் நகராது. அதுக்கு நான் ஆச்சு," என்றார். வழியில் வாத்தியார், "எதுக்கு அத்தான் அப்படி வாக்குக் குடுக்கிறீங்க? கீழே இருக்கிறது குதிரை," என்று கேட்டார். வாய் தவறிக்கூட வார்த்தை விடாத மனிதர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். அது அவர் தூக்கத்தைத் தின்றது.

முதலாளியம்மா எல்லாக் குதிரைக்கும் மார்பு வார் போடச் சொன்னாள். சேணத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து குதிரையின் மார்பைச் சுற்றிப் பிடித்து, ஒரு கிளை முன்னங்கால்களுக்கு நடுவே இறங்கி வயிற்று வாரில் கொக்கியால் மாட்டிக்கொள்ளும். சேணம் பின்னால் போகாமல், ஓரளவு பக்கத்திலும் சரியாமல் தடுக்கும். வால் வாரும் வேண்டும் என்றாள். அத்தான் அதற்கும் பஞ்சு சுற்றி மெத்தென்று செய்து கொடுத்தார். பூசணி வாழ்நாளில் முதன்முறையாக ஓடியது அன்றுதான். வாலுக்கு அடியில் வார் பட்டதும் தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளி, லாயத்து ஆள் ஒருவரைத் துரத்து துரத்தென்று துரத்தி, தோட்டத்துக் கோடி வரை போய் நின்றது. வால் வார் அத்துடன் அலமாரிக்குப் போனது. மார்பு வார்கள் நிலைத்தன. ஒவ்வொரு சேணத்தோடும் நிரந்தரமாக மாட்டியே கிடந்தன. மாதங்கள் போயின, ஒருவரும் விழவில்லை. முதலாளியம்மா எல்லார் முன்னாலும் அத்தானைப் பாராட்டினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தானின் கண்ணுக்கு வேறொன்று பட்டது. தினமும் மாலையில் சேணங்கள் அவர் கையில்தான் வந்து விழும். பக்கிள் உட்காரும் இடத்தில் தோலில் ஒரு மடிப்பு விழும், துளையும் கொஞ்சம் இழுபட்டு நீளும். அந்த மடிப்பு எல்லாச் சேணத்திலும் ஒரு துளை கீழே இறங்கியிருந்தது. வயிற்று வார் முன்பைவிடத் தளர்வாகக் கட்டப்படுகிறது.

வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "மார்பு வார் இருக்குங்கிற தைரியத்துல உன் ஆளுங்க வயித்து வாரை இறுக்கிக் கட்டுறதில்ல மாப்ள. மார்பு வார் துணைக்குத்தான் வந்தது. அதுகிட்டயே குடும்பத்தை ஒப்படைச்சிட்டீங்க."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அன்று நாள் முழுக்கத் திடலில் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. "என் எதிர்லதான் கட்டுறாங்க. ஒரு விரல்கூடப் போகாது. நீங்க வந்து பாத்தீங்களா?"

"தோல் பொய் சொல்லாது."

"தோலைப் பாத்தே குதிரையச் சொல்லிடுவீங்க. ஒருநாளாவது ஒரு குதிரையத் தொட்டிருக்கீங்களா அத்தான்? ஏறிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் அக்கா மூலம்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பார்கள், மதியச் சாப்பாட்டை ஒரே மேஜையில் பிரிப்பார்கள். ஆனால் 'அந்தச் சிவப்புச் சேணம் தயாரா' என்பதை வீட்டுக்குப் போன் போட்டு அக்காவிடம் கேட்க வேண்டும்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பமா?" என்று அவள் ஒருநாள் வெடித்தாள். "மாமன் மச்சான் சண்டையில என் குழம்பு தீஞ்சு போகுது. இனிமே எனக்குப் போன் பண்ணினா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

சோறு பெரிய விஷயம். அன்று மாலை, லாயத்து ஆட்கள் கிளம்பிய பிறகு, அத்தான் லாயத்து வாசலில் வந்து நின்றார். தலையில் குதிரை ஏறுகிறவர்கள் போடும் தொப்பி. அவர் தலைக்குச் சின்னது. பானைக்கு அகல் விளக்கை மூடின மாதிரி உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"ஏறிப் பாத்துட்டுப் பேசச் சொன்னியே. ஏறுறேன்."

"அத்தான், நான் ஏதோ கோவத்துல..."

"பூசணியக் கொண்டா. மார்பு வார் வேண்டாம். வயித்து வாரை நானே கட்டுறேன். ஒழுங்கா இறுக்கினா எதுவும் நகராதுன்னு காட்டுறேன். அந்த அம்மா வந்து ஏறுறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. பூசணியின் அருகில் வர அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கையை நீட்டுவார், பின்னால் இழுப்பார். பூசணி ஒரு பெருமூச்சு விட்டது, அவர் சுவர்வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு சேணத்தை வைத்துவிட்டார். வாரை எடுத்ததும் ஆள் மாறினார். தோல் கைக்கு வந்துவிட்டதல்லவா. மரக்குதிரையில் இழுப்பது போலவே காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தார். விரல் நுழையாத அளவுக்கு இறுகியது. பக்கிளைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, கீழ்த் துளையிலதான் நிக்குது."

"ம்."

"இதுக்கு மேல ஒரு இழை ஏறாது போலிருக்கே."

"அதான் சொல்றேன். எங்க ஆளுங்களும் இறுக்கத்தான் செய்யறாங்க. இப்போ திடலுக்குக் கூட்டிட்டுப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பாத்துட்டு..."

"இழுத்தவன் நான். இறுகுச்சா இல்லையான்னு எனக்கே சொல்லித் தர்றியா? குதிரைதான் கொழுத்திருக்கு. நட."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு பூசணியைத் திடலுக்கு நடத்தினார். அத்தான் குதிரை ஏறப் போட்டிருந்த மேடையில் நின்று, சேணத்தில் தொங்கிய அங்கவடியில் இடது காலை வைத்து, தன் முழு எடையையும் அதில் போட்டார். சேணம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல அவர் பக்கமாகவே திரும்பியது. அவர் பிடித்த பிடியை விடவில்லை. சேணத்தோடு சேர்ந்து, கதவு திறப்பது போல நிதானமாகச் சுழன்று, பூசணியின் வயிற்றோரம் மணலில் மல்லாந்து விழுந்தார். பூசணி கழுத்தை வளைத்து, கீழே கிடப்பது தின்னக்கூடியதா என்று முகர்ந்து பார்த்தது.

"அத்தான்! அடி பட்டுச்சா?"

கண் திறந்திருந்தது. அவர் தன் முகத்துக்கு நேர் மேலே தொங்கிய வயிற்று வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே விட்டார். முஷ்டி முழுசாகப் போனது.

"இறுக்கினேனே மாப்ள."

"கட்டும்போது மூச்சை உள்ளே பிடிச்சு வயித்தை உப்ப வச்சுக்கும். நடந்தா விட்டுடும். இது ஒண்ணு இல்ல, முக்கால்வாசிக் குதிரை அப்படித்தான். அதுக்குத்தான் திடல்ல இன்னொரு தடவை இழுக்கணுங்கிறது."

அத்தான் முஷ்டியை வெளியே எடுத்தார். "மரக்குதிரைக்கு மூச்சு கிடையாதே," என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்கினான்னு சொல்லுவாங்க. நீங்க மரக்குதிரையை நம்பி மண்ணுல இறங்கிட்டீங்க."

அத்தானின் வயிறு குலுங்கியது. மணலில் படுத்தபடியே சிரித்தார். வாத்தியாரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிந்ததும் இருவருக்கும் ஒரே அசதி.

எழுந்து சேணத்தைச் சரியாக வைத்து வாத்தியார் வாரை இழுத்தார். ஒரு துளை சுலபமாக மேலே ஏறியது. பழைய மடிப்பு இருந்த அதே துளை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்போ முன்னெல்லாம் இங்க வந்து ரெண்டாவது தடவை இழுத்திருக்காங்க," என்றார் அத்தான்.

"இழுத்தாங்க. என்னைக்காவது மறந்தா டாக்டரம்மா மாதிரி யாராவது விழுவாங்க. மார்பு வார் வந்த பிறகு ஒருத்தரும் இழுக்கல." வாத்தியார் மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நானும்தான் சொல்றதை விட்டுட்டேன்."

"லாயத்துல இறுக்கலைன்னு நான் சொன்னது தப்பு."

"துளை இறங்கியிருக்குன்னு சொன்னது சரி அத்தான்."

அவ்வளவுதான் சமாதானம். வீட்டில் அக்கா, அத்தானின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி, "குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம். ஏண்டா, வயசான மனுசனை ஏத்தி விட்டு வேடிக்கை பாத்தியா?" என்று தம்பியை வைதாள். அத்தான் குப்புறப் படுத்துக்கொண்டு, "அவன் சொன்னான். நான்தான் கேக்கல," என்றார். வழக்கமாக அந்த வீட்டில் கேட்காத வாக்கியம். அக்கா ஒத்தடத்தை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆட்களிடம் 'இரண்டாவது தடவை இழுங்கள்' என்று சொன்னால் ஒரு வாரம் இழுப்பார்கள், பிறகு மறப்பார்கள். அது வாத்தியாருக்குத் தெரியும், தானே மறந்தவர் ஆயிற்றே. அத்தான்தான் வழி கண்டுபிடித்தார். மார்பு வார்களைச் சேணங்களிலிருந்து கழற்றினார். சேண அறையில் அவற்றுக்கு இனி இடமில்லை. திடல் வாசலை ஒட்டிய சுவரில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கொக்கி. குதிரையை லாயத்திலிருந்து அங்கே நடத்தி வந்த பிறகுதான் மார்பு வாரை எடுத்துப் போட முடியும். அதற்குள் மூச்சு வெளியே போயிருக்கும். கீழ்க்கிளையை வயிற்று வாரில் மாட்டப் போகிற கை, அந்த வார் தளர்ந்து தொங்குவதைத் தொட்டே தீர வேண்டும். தொட்ட கை இழுக்காமல் விடாது.

"மனுசன் ஞாபகத்தை நம்பாதே மாப்ள. அவன் கை எங்க போகணுமோ அங்க சாமானை வை," என்றார். முதலாளியம்மா சுவரில் ஓட்டை போடுவதற்கு முகம் சுளித்தாள், பிறகு சரி என்றாள். கொக்கிகள் வரத் தாமதமாயிற்று. டாக்டரம்மா ஏறும் நாளுக்கு முந்தின மாலைதான் அத்தான் டிரில்லை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார். இருட்டும் வரை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிரவு சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லிப் படுத்தார்.

இடுப்பில் பட்ட அடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது இருதயம் என்று மருத்துவர் சொன்னார். வாத்தியார் அதை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகான நாட்களில் அவருக்கு அழுகையைவிடத் தூக்கம்தான் வந்தது. நாற்காலியில், நின்றபடி, யாரோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே. மதியம் மேஜையில் தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் வரட்டும் என்று காத்திருந்து, சோறு ஆறிப்போன பிறகு மூடுவார். சேண அறையை முதலாளியம்மா பூட்டச் சொல்லவில்லை. யாரும் உள்ளே போகவும் இல்லை.

டாக்டரம்மா தானே போன் செய்தார். "நான் வரலாமா? வேண்டாம்னா வேண்டாம்."

"வாங்க," என்றார் வாத்தியார். "அவரு சொல்லியிருக்காரில்ல."

அக்காவும் வந்திருந்தாள், அத்தானின் மூக்குக்கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் போக. எடுத்துக்கொண்டவள் கிளம்பாமல் திடல் வேலியோரம் நின்றாள். வாத்தியார் லாயத்தில் வாரை இழுத்துக் கட்டினார். கீழ்த் துளை. பூசணியைத் திடல் வாசலுக்கு நடத்தினார். அது வழியில் மூச்சை விட்டது அவருக்கே கேட்டது. மார்பு வாரை எடுத்து மார்பைச் சுற்றிப் போட்டார், கீழ்க்கிளையை மாட்டக் குனிந்தார், கை வயிற்று வாரில் பட்டது, இழுத்தார். ஒரு துளை. மாட்டினார்.

டாக்டரம்மா ஏறினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. திருப்பத்தில் அந்த அம்மாள் வலது கையால் சேணத்தின் முன்முனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சேணம் வைத்த இடத்தில் இருந்தது.

"நகரல," என்றார் டாக்டரம்மா, வேலியைப் பார்த்து.

அக்கா தலையை மட்டும் அசைத்தாள். டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வாத்தியார் பூசணியின் மார்பு வாரைக் கழற்றிக்கொண்டு சுவருக்குப் போனார். மற்ற எல்லாக் குதிரைகளுக்கும் அத்தான் அந்த மாலையே கொக்கி மாட்டிவிட்டிருந்தார். பூசணிக்கு மட்டும் சுவரில் ஓட்டை இருக்கிறது, ஓட்டைக்குள் தக்கையும் அடித்திருக்கிறது. கொக்கி திருகப்படவில்லை. அதன் மார்பு வாரை இன்னும் வேலிக் கம்பியில்தான் தொங்கவிடுகிறார்கள்.